அந்தக் கால ரயில் பாதைகள் மலையில் ஏன் இவ்வளவு வளைந்து போகின்றன?

காரணம் ஏற்ற விகிதம். எவ்வளவு தூரம் ஓடி எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதுதான் அது. 40 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் சாலைக்குச் சாதாரணம். ரயிலுக்கோ பெரும் சோதனை. இரும்புச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே பிடிமானம் குறைவு, ஏற்றத்தில் வழுக்கிவிடும்.

செங்குத்தான மேட்டில் சைக்கிளை இடமும் வலமுமாக வளைத்து ஏற்றுகிறோமே, அதேபோலப் பொறியாளர்களும் தூரத்தைக் கூட்டி ஏற்றத்தைத் தணித்தார்கள்.

வளைய வழியில்லாத இடத்தில் குடைந்தார்கள். அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் 1866-67-ல் சீனத் தொழிலாளர்கள் குடைந்த உச்சிச் சுரங்கம் சுமார் 500 மீட்டர் நீளம். முழுக்கக் கருங்கல். ஒருவர் உளியைப் பிடிக்க, மற்றவர்கள் சம்மட்டியால் அடித்துத் துளையிட்டு வெடிமருந்து திணித்தார்கள். அப்படியும் ஒரு முகப்பில், அதாவது குடையும் முனையில், நாளுக்கு ஓரிரு அடிதான் நகர்ந்தது. அதனால் மலை உச்சியிலிருந்து நடுவே ஒரு குழி இறக்கி, உள்ளிருந்து இரு பக்கமும் வெளியிலிருந்து இரு பக்கமுமாக நான்கு முகப்புகளில் குடைந்தார்கள். இந்த உழைப்புக்கு உரிய மதிப்பு வெகுகாலம் கிடைக்கவில்லை என்பது பெரிய அநியாயம்.

பாதை வளைந்து போவதற்கு என்ஜினுக்குச் சக்தி போதாததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு சக்தி இருந்தாலும் பிடிமானம் இல்லையென்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.