காலேஜ் பார்க்கப் போகிறோம், என்ன கேட்பது?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்க ஆசை. பாண்டி ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியிலிருந்து ‘ஓப்பன் டே’ என்று அழைப்பு வந்திருக்கிறது. பிள்ளைகளும் பெற்றோரும் வந்து சுற்றிப் பார்க்கலாமாம். என் வீட்டுக்காரர் சிப்காட்டில் கெமிக்கல் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. “அது ஆள் பிடிக்கிற வேலை. காலேஜ் வாசப்படியே மிதிக்காத நாம போய் என்னத்தைப் பாக்கிறது?” என்கிறார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் இவள்தான். போகலாமா? போனால் என்ன கேட்பது?
— ஒரு தாய், கடலூர் முதுநகர்

அன்புத் தங்கைக்கு,

கட்டாயம் போங்கள். மூன்று பேருமாகப் போங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. சேர்க்கைக்கு ஆள் தேடித்தான் இந்த நாளை நடத்துகிறார்கள். ஆனால் மற்ற நாட்களில் வாட்ச்மேனைத் தாண்ட முடியாத இடத்தில், அன்று ஒரு நாள் எந்த அறைக்குள்ளும் நீங்கள் நுழைந்து பார்க்கலாம். 27 வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் நான். இந்த மாதிரி நாட்களில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் ராத்திரி வரைக்கும் தரையைக் கழுவுவோம், பாட்டில்களுக்குப் புது லேபிள் ஒட்டுவோம், வாசலில் பெரிய கோலம் போடுவோம். அதனால் எவையெல்லாம் ஒரே ராத்திரியில் மாற்ற முடியாதவை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆடிட்டோரியத்தில் வீடியோ போடுவார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் நேராகக் கெமிஸ்ட்ரி லேபுக்குப் போங்கள். விளக்கம் சொல்ல இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகளை நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். ஆசிட் தெறித்த இடத்தில் சின்னச் சின்னப் பொத்தல் இருக்கும். சில்வர் நைட்ரேட் சொட்டிய இடம் கறுத்துப் போயிருக்கும், அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. இரண்டு வருடம் வேலை செய்த கோட்டு அப்படித்தான் இருக்கும். மூன்றாம் வருடப் பிள்ளையின் கோட்டு மடிப்புக் கலையாமல் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்து, “ரெக்கார்டு நோட்டைக் கொஞ்சம் காட்டும்மா” என்று கேளுங்கள். கூச்சமே வேண்டாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கீழே ஆசிரியரின் கையெழுத்தும் தேதியும் இருக்கும். வாரத்துக்கு ஒன்றாகத் தேதி நகர்ந்து போயிருந்தால் லேப் ஒழுங்காக நடக்கிறது. பத்துப் பரிசோதனைக்கும் ஒரே தேதி என்றால், பரீட்சைக்கு முன்னால் மொத்தமாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்கக் கெமிஸ்ட்ரி தெரிய வேண்டாம். பால் கணக்கு நோட்டைப் பார்க்கிற மாதிரிதான்.

ஒரு கேள்வியை மட்டும் உங்கள் மகளே கேட்கட்டும். “அக்கா, ஒரு பியூரெட்டை எத்தனை பேர் சேர்ந்து பிடிப்பீங்க?” திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழல்தான் பியூரெட், பள்ளியிலேயே பார்த்திருப்பாள். இடது கையால் குழாயைத் திறந்து, வலது கையால் குடுவையைச் சுழற்ற வேண்டும். கடைசியில் ஒரே ஒரு சொட்டு. அதில் நிறம் மாறிவிடும். அந்தச் சொட்டைத் தானே விட்டவளுக்குத்தான் கை பழகும். நாலு பேருக்கு ஒரு பியூரெட் என்றால் ஒருத்தி செய்வாள், மற்ற மூன்று பேர் ரீடிங்கை எழுதிக்கொள்வார்கள். மூன்று வருடம் கழித்து வேலைக்குப் போகும்போது அந்த மூன்று பேர் படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அவள் பேசும்போது நீங்கள் இருவரும் பத்தடி தள்ளியே நில்லுங்கள். அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் சீனியர் பிள்ளைகள் நல்லதை மட்டும்தான் சொல்வார்கள். பள்ளியில் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கல்லூரிக் களப்பயணம் கூட்டிப் போயிருந்தால், அங்கே பார்த்ததோடு ஒப்பிட்டும் பார்க்கட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வருடம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். எல்லோரும் வேலை கிடைக்குமா, பஸ் வருமா என்று கேட்டுக்கொண்டிருக்க, அவர் என்னிடம், “டீச்சர், பிள்ளைங்க தண்ணி எங்க குடிக்கும்? பாத்ரூம் எங்க போகும்?” என்றார். கூட்டிப் போனேன். மூன்று கதவில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நாப்கின் போட ஒரு கூடைகூட இல்லை. அத்தனை வருடம் அதே மாடியில் வேலை பார்த்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை. அந்த அம்மா கேட்ட பிறகுதான் நாங்கள் சரி செய்தோம். பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே பகலை ஓட்டும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று என்று அவர்கள்தான் அவதிப்படுகிறார்கள். அதனால் புது பிளாக்கை விட்டுவிட்டு, பிள்ளைகள் தினமும் வகுப்புக்குப் போகும் மாடியில் போய்ப் பாருங்கள்.

பண விஷயம். ஒரிஜினல் மார்க்‌ஷீட், டி.சி. எதையும் எடுத்துப் போகாதீர்கள், நகல் போதும். “இன்றே அட்வான்ஸ் கட்டினால் சலுகை” என்றால், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்துவிடுங்கள். மூன்று வருடத்துக்கும் டியூஷன், லேப், பஸ், பரீட்சைக் கட்டணம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே சொல்லிவிட்டது.

அந்தக் கல்லூரி முள்ளோடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இந்தப் பக்கம் என்றால் தமிழ்நாடு, பட்டம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். எல்லையைத் தாண்டினால் புதுவைப் பல்கலைக்கழகம். இரண்டுமே நல்ல பெயர்தான். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் தமிழ்நாட்டு அரசுடையது. எல்லைக்கு அந்தப் பக்கம் சேர்வதாக இருந்தால் அந்தப் பணத்தைப் பற்றி முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ அமைப்பின் பலகை இருந்தால் அது எந்த வருடம் வரை செல்லும் என்றும் பாருங்கள். ராகிங் புகாருக்கு 24 மணி நேர எண் 1800-180-5522. இதை மகளின் போனில் பதிந்து வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அவர்கள் உங்களுக்கு அழைப்பு அனுப்ப மாட்டார்கள். நீங்களாகவே ஒரு வேலை நாளில் போய், வேதியியல் துறை எங்கே என்று கேட்டு, இதே கோட்டையும் நோட்டையும் பாருங்கள். அரசுக் கல்லூரிக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான். பிளஸ் டூ மார்க்கை வைத்து இடம் தருகிறார்கள். தனியாரில் சேர்வது என்றே முடிவு செய்திருந்தாலும், இந்த விண்ணப்பத்தைப் போடாமல் விடாதீர்கள்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். வாசப்படி மிதிக்காத நான் என்னத்தைப் பார்ப்பது என்கிறாரே, அந்த லேபைப் பார்க்க அவரைவிடப் பொருத்தமான ஆள் அன்று அங்கே வரப்போவதில்லை. ஆசிட் வாடையோடு தினமும் வேலை செய்கிறவர். புகையை வெளியே இழுக்கும் ஃபேன் நிஜமாகவே ஓடுகிறதா, ஸ்விட்ச் மட்டும்தான் இருக்கிறதா என்பது அவர் காதுக்கே தெரியும். தீயணைப்பு சிலிண்டரில் கடைசியாகச் சோதித்த தேதி, மணல் வாளிக்குள் மணல் இருக்கிறதா குப்பை இருக்கிறதா, அவசரத்துக்கு வெளியே ஓட இரண்டாவது கதவு உண்டா, அது பூட்டிக் கிடக்கிறதா என்பதெல்லாம் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு முன்னால் அவர் கண்ணில் படும். கண்ணில் ஆசிட் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பின்னால் ஒதுங்கி நிற்காமல் லேபுக்குள் முன்னால் போகச் சொல்லுங்கள். “கண்ணு கழுவுற குழாய் எங்க சார்? ஒரு தரம் திறந்து காட்டுங்க” என்று அவர் கேட்கட்டும்.