முள்ளை முதலில் பாருங்கள்: ரெக்கார்டு பிளேயர் கேள்வி பதில்

பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். பழைய ரெக்கார்டு பிளேயரும் ஸ்பீக்கரும் வாங்கிச் சீர்செய்வது முப்பது வருஷப் பழக்கம். அப்பா அவிநாசிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். தட்டைத் தொடும் முன் கையைத் துடைக்க வேண்டும், ஓரத்தைத்தான் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவரிடம் கற்றதுதான். இந்த மாதக் கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் அப்பாரு வைத்திருந்த ஹெச்.எம்.வி. ஃபியஸ்டா பெட்டி பரணில் கிடைத்ததுங்க. கூடவே நாற்பது தட்டுகள். சில தட்டுகள் கனமாக இருக்கின்றன, 78 என்று போட்டிருக்கிறது. இதை ஓட்டிப் பார்க்கலாமா, இல்லை இப்போது விற்கிற புது சூட்கேஸ் பிளேயர் ஒன்று வாங்கிவிடலாமா?
*வாசகர், கோபி*

புதியதுக்கு அவசரப்படாதீர்கள். அதே சமயம் அப்பாரு பெட்டியை எடுத்தவுடன் பிளக்கில் சொருகவும் வேண்டாம். பேட்டரி போடுகிற இடம் இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். பழைய செல் உள்ளேயே கசிந்து தகட்டை அரித்திருக்கும். கரண்டில் ஓடுவதென்றால் பக்கத்து ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், சீரிஸ் லேம்ப்பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்று வழியில் நிற்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. மங்கலாக எரிந்தால் அடுத்த வேலையைப் பார்க்கலாம். எந்தக் கடையிலும் ஐந்து நிமிஷத்தில் முடிகிற காரியம் இது.

அடுத்த வேலை பெரும்பாலும் கிரீஸ்தான். போன தீபாவளிக்கு முன்னால் இதே வயதுப் பெட்டி ஒன்று என் மேஜைக்கு வந்தது. மோட்டார் உறுமியதே தவிர தட்டு நகரவில்லை. ரெக்கார்டு உட்காரும் மேல்தட்டைக் கழற்றினால் நடுத்தண்டில் இருந்த கிரீஸ் கவுந்தப்பாடி வெல்லம் போலக் கட்டியாகி நிற்கிறது. பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டே சொட்டு விட்டேன். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் இருந்தது. பல வருஷம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்ததால் அதில் ஒரு பள்ளம். நுண்ணிய உப்புத்தாளை அதன் விளிம்பில் லேசாகப் பிடித்துச் சுற்றவிட்டதும் பள்ளம் மறைந்தது. பள்ளம் ஆழமாக இருந்தால் சக்கரத்தையே மாற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பாட்டுக்கு அடியில் ‘டொப் டொப்’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

இனி அந்தக் கனமான தட்டுகள். அவை நிமிஷத்துக்கு 78 சுற்றுகிறவை, அரக்கில் செய்தவை. கீழே விழுந்தால் அப்பளம் மாதிரி உடையும். அதைவிட முக்கியம், ஸ்பிரிட் போட்டு ஒருபோதும் துடைக்காதீர்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஈரம் பிழிந்த மெல்லிய துணி போதும். முள் விஷயத்திலும் கவனம் வேண்டும். 78-இன் பள்ளம் அகலமானது. நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுகிற எல்.பி. தட்டுக்கான முள்ளின் முனை 78-க்குரிய முள்ளில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் இருக்கும். எல்.பி. முள்ளை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி வெறும் இரைச்சல் வரும். 78 முள்ளை எல்.பி.யில் வைத்தால் தட்டே பாழ். பழைய பிளேயர்கள் பலவற்றில் முள்ளைத் திருப்பிப் போட ஒரு சின்னக் குமிழ் இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.

சூட்கேஸ் பிளேயரை நான் சிபாரிசு செய்வதில்லை. நான் திறந்து பார்த்தவை எல்லாவற்றிலும் முள்ளைத் தாங்கும் காட்ரிட்ஜ் மலிவு செராமிக், முள்ளின் மேல் அதிகப்படியான பாரம், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். அந்தப் பணத்தில் அப்பாரு பெட்டிக்கு நல்ல முள்ளும் ரப்பர் சக்கரமும் போட்டுவிடலாம்.

என் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வரும்போது அவர் வைத்திருந்த 1970-களின் பெல்ட் டிரைவ் டர்ன்டேபிளை எனக்காகக் கொண்டு வருகிறேன் என்கிறார். வோல்டேஜ் மட்டும் மாற்றினால் போதுமா?
*வாசகர், திருப்பூர்*

போதாது. இதில் பலபேர் ஏமாந்து போகிறார்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வோல்டேஜைக் குறைக்க ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. ஹெர்ட்ஸை எந்த டிரான்ஸ்பார்மரும் மாற்றாது. அந்தக் காலத்து ஏ.சி. மோட்டார் கரண்டின் துடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். 60-க்கு 50 என்றால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28-கூடச் சுற்றாது. சுருதி மூன்று ஸ்வரஸ்தானத்துக்கு மேல் இறங்கிவிடும். தெரிந்த பாட்டே யாரோ தூக்கத்தில் பாடுவது போல ஆகிவிடும்.

வழி இருக்கிறது, அதுவும் நம்ம ஊரில் தாராளமாக இருக்கிறது. மோட்டார் தண்டில் பெல்ட் ஓடுகிற சின்னப் புல்லியைப் பெரிதாக்கினால் வேகம் கூடும். 10 மில்லிமீட்டர் புல்லி என்றால் 12 மில்லிமீட்டர், பெல்ட்டின் தடிமனுக்காக அதற்கும் ஒரு மயிரிழை மேலே. நண்பர் ஒருவருக்காக கணபதியில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கினேன். டர்னர் அண்ணன் நாள் முழுக்கப் பம்ப் ஷாஃப்ட் கடைகிறவர். “இத்தனூண்டு சாமானுக்கா வந்தீங்க?” என்றவர், வேலையைத் தொடங்கியதும் அதிலேயே மூழ்கிவிட்டார். முதலில் கொஞ்சம் பெரிதாகவே விட்டார். போட்டு ஓட்டினோம், வேகம் அதிகம். கழற்றி ஒரு பூச்சு சீவினார். மறுபடி ஓட்டினோம். நான்காவது தடவை சரியாக வந்தது. துளை துளியும் மையம் விலகக் கூடாது, விலகினால் நீண்ட ஸ்வரம் எல்லாம் நடுங்கும். அவரே டயல் கேஜ் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தார்.

வேகத்தை அளக்க மெஷின் வேண்டாம். தட்டின் லேபிளில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு எண்ணுங்கள். 3 நிமிஷத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். வாங்கப் போகிற வீட்டிலேயே இதைச் செய்யலாம். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் தாளைத் தட்டின் மேல் வைத்து, பழைய சோக் வைத்த டியூப் லைட் வெளிச்சத்தில் பாருங்கள். வேகம் சரி என்றால் கோடுகள் நின்றது நின்றபடி இருக்கும். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இது தெரியாது.

சித்தப்பாவிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 மாதிரி பெல்ட் இல்லாமல் மோட்டாரே தட்டைச் சுற்றுகிற டைரக்ட் டிரைவ் என்றால் இந்தக் கவலையே இல்லை. அதன் வேகத்தை உள்ளே இருக்கும் சர்க்யூட் பார்த்துக்கொள்கிறது, டிரான்ஸ்பார்மர் ஒன்று போதும். ஜப்பானிலிருந்து வருவதற்கு 100 வோல்ட் டிரான்ஸ்பார்மர் தேவை. அந்த நாட்டில் கிழக்கே 50 ஹெர்ட்ஸும் மேற்கே 60 ஹெர்ட்ஸுமாக இருப்பதால், பழைய ஜப்பான் டெக்குகள் (டர்ன்டேபிள்கள்) பலவற்றில் இரண்டுக்கும் வழி வைத்திருப்பார்கள்.

பழைய பெட்டி ஸ்பீக்கர் ஒரு ஜோடி மலிவாகக் கிடைத்தது. ஆனால் நடுவில் அதிரும் கூம்பான கோனைச் சுற்றியிருக்கும் ஓரம் தொட்டால் மாவு மாதிரி உதிர்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே புது ஸ்பீக்கர் மாட்டிவிடலாமா?
*வாசகர், பொள்ளாச்சி*

தூக்கிப் போடாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். உதிர்வது ஃபோம் ஓரம். பதினைந்து இருபது வருஷத்தில் அது தானாகவே மட்கும். துணி ஓரமும் ரப்பர் ஓரமும் அப்படிச் சீக்கிரம் போவதில்லை. கோன், காயில், காந்தம் எல்லாம் நன்றாக இருந்தால் அந்த ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது.

ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து கழற்றி மேஜையில் வையுங்கள். பழைய ஃபோமையும் காய்ந்த பசையையும் பொறுமையாகச் சுரண்டுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும், ஆகட்டும். கோனின் விளிம்பு, வெளி வளையம் இரண்டின் விட்டத்தையும் அளந்து அதே அளவில் ஃபோம் வளையம் வாங்குங்கள். நடுவில் இருக்கும் தூசி மூடியைப் பிளேடால் வட்டமாக அறுத்து எடுத்தால் காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே மெல்லிய சந்து தெரியும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை நாலு பட்டையாக வெட்டி அந்தச் சந்தில் நாலு பக்கமும் சொருகுங்கள். காயில் இனி அசையாமல் நடுவில் நிற்கும். அப்புறம்தான் பசை. முதலில் கோன் பக்கம், அது காய்ந்த பிறகு வெளி வளையம். ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். பிறகு ஃபிலிமை உருவிவிட்டு, இரண்டு விரலால் கோனைச் சமமாக அழுத்திப் பாருங்கள். உரசல் சத்தம் துளியும் கேட்கக் கூடாது. உரசவில்லை என்றால் மூடியைத் திரும்ப ஒட்டிவிடுங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் அப்போதே மாற்றுவது நல்லது, வயதாக வயதாக அவற்றின் அளவு மாறிப்போகும். பிளஸ் மைனஸ் இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். புது ஸ்பீக்கரை மாட்டினால் பெட்டியின் அளவுக்கும் அதற்கும் ஒத்துப்போகாது. பெட்டியைச் செய்தவர்கள் அந்தக் கோனுக்காகத்தான் அளவெடுத்துச் செய்தார்கள்.

கடைசியாக, 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டுக் காட்டுங்கள். செல்லின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டதும் இரண்டு பெட்டியிலும் பெரிய கோன் வெளியே நகர வேண்டும். ஒன்று வெளியேயும் ஒன்று உள்ளேயும் நகர்ந்தால் வயர் மாறியிருக்கிறது. தபேலாவின் அடி காணாமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பெல்ட் டிரைவ் டெக், ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), சின்ன ஸ்பீக்கர் ஜோடி எல்லாம் ஷோகேஸில் வரிசையாக வைத்திருக்கிறேன். முப்பதாயிரம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். நல்ல டர்ன்டேபிளாக மாற்றச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?
*ஓர் ஆசிரியை, தாராபுரம்*

டீச்சர், டெக் ஓடுகிறது என்றால் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முள் எத்தனை வருஷம் ஓடியது என்று எழுதவில்லையே? வைர முள்ளையே ஐந்நூறிலிருந்து ஆயிரம் மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும் என்பார்கள். தினம் இரண்டு எல்.பி. கேட்டால் ஒன்றிரண்டு வருஷத்தில் அந்தக் கணக்கு வந்துவிடும். தேய்ந்த முள்ளோடு எவ்வளவு பெரிய டெக்குக்குப் போனாலும் தட்டைத்தான் அழிக்கிறோம். தட்டு மறுபடி வராது.

முள் மாற்றியதும் பாரத்தை அளந்து வையுங்கள். காட்ரிட்ஜ் பெட்டியில் 1.5 கிராம், 2 கிராம் என்று போட்டிருக்கும். பொற்கொல்லர்கள் வைத்திருக்கிற சின்ன டிஜிட்டல் தராசு அதற்கு அருமையாக உதவும். தராசுத் தட்டு இரும்பாக இருந்தால் காட்ரிட்ஜின் காந்தம் இழுத்துக் கணக்கைக் கெடுக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டெக்கையும் ஸ்பீக்கரையும் ஒரே பலகையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வு முள்ளில் ஏறி, மறுபடி ஸ்பீக்கருக்கே வரும். சுவரில் பதித்த கடப்பைக் கல் அலமாரி வீட்டில் இருக்கிறதா? டெக்கை அங்கே வையுங்கள். அதைவிட நல்ல இடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஸ்பீக்கர்களை உட்கார்ந்தால் காது வருகிற உயரத்துக்கு இறக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். இரண்டு வாரம் கேளுங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் மீதிப் பணத்தை ஸ்பீக்கருக்குப் போடலாம். டெக் கடைசி.

பிளேயரைப் போட்டாலே ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல்.
*வாசகர், ஈரோடு*

டெக்கின் பின்னால் தனியாக ஒரு மெல்லிய வயர் தொங்கும். அதை ஆம்ப்பின் பின்னால் இருக்கும் எர்த் திருகில் மாட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் டெக்கை ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மரிடமிருந்து இரண்டடி தள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து பார்சலில் டர்ன்டேபிள் வாங்கலாமா?
*வாசகி, கரூர்*

ஒருமுறை வடக்கே ஓர் ஊரிலிருந்து வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தபோது கனமான மேல்தட்டு அதன் இடத்திலேயே இருந்தது. வழி முழுக்கக் குதித்துக் குதித்து முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் கழுத்தை முறித்துவிட்டிருந்தது. அந்த ஆர்முக்கு இன்றுவரை மாற்று கிடைக்கவில்லை. அனுப்புகிறவர் மேல்தட்டையும் பின் எடையையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்ற வேண்டும், ஆர்மை அதன் தாங்கியோடு கட்ட வேண்டும், ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைக்க வேண்டும். பணம் அனுப்பும் முன் ஒவ்வொன்றுக்கும் போட்டோ கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பிளஸ் டூ படிக்கிறேன் அண்ணா. கையில் இரண்டாயிரம்தான் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
*மாணவர், பல்லடம்*

தம்பி, உங்கள் ஊரில் வயதான மைக் செட்காரர் யாராவது இருப்பார். கேசட் வரும்வரை கல்யாணமும் நோம்பியும் தட்டில்தான் நடந்தன. எங்கள் அப்பா காலையில் முதல் தட்டாகப் பிள்ளையார் பாட்டைப் போட்டால்தான் பந்தலில் அடுப்பே மூட்டுவார்கள். அப்படி ஓடிய டெக்குகள் இன்னும் பல வீட்டுப் பரணில் சாக்குக்குள் கிடக்கின்றன.

அவரிடம் போய் விலை கேட்காதீர்கள். பரணைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று கேளுங்கள். டெக் கிடைத்தால் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், இரண்டு பக்கமும் உரசாமல் ஓட வேண்டும். ஆர்மை ஒரு விரலில் தூக்கி மெல்ல ஆட்டிப் பாருங்கள், கடகடக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் வாங்கிக்கொண்டு வந்து எனக்கு எழுதுங்கள். காட்ரிட்ஜின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் அப்படியே பார்த்து எழுத வேண்டும், அதை வைத்துத்தான் எந்த முள் சேரும் என்று சொல்ல முடியும்.