306, 312, 319: எதை நம்புவது?

கணவரோடு நியூஜெர்சிக்கு வந்து சில மாதங்களே ஆன தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். முதுகலைக் கணினி அறிவியலுக்கு விண்ணப்பிக்க, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வை எழுதப் போகிறார்; தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது. ஒரு தனியார் நிறுவனத்தின் மாதிரித் தேர்வில் 306, இன்னொரு நிறுவனத்தின் தேர்வில் 312, தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே தருகிற ‘பவர்பிரெப்’ என்ற இலவச மாதிரித் தேர்வில் 319. “சராசரி எடுத்து 312 என்று வைத்துக்கொள்ளலாமா? தேதியைத் தள்ளிப் போடட்டுமா?”

தங்கையே, சராசரி எடுக்க வேண்டாம். இவை மூன்றும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. பவர்பிரெப்பில் இருப்பவை ஈடிஎஸ் தயாரித்த வினாக்கள். மதிப்பெண் கணக்கிடும் முறையும் அவர்களுடையதே. தனியார் நிறுவனங்கள் அதைப் பார்த்து, தாங்களாக ஊகித்துச் செய்கின்றன. கணிதத்தில் பெரும்பாலும் உண்மைத் தேர்வைவிடக் கடினமாக வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பகுதியில் சிக்கல் வேறு: நெருங்கிய பொருளுள்ள இரண்டு விடைகளில் எது சரி என்பதைச் சொல்லவே முடியாத வினாக்கள் அங்கே நுழைந்துவிடும். அப்படிப்பட்ட வினாவில் தோற்றதற்காக யாரும் மனம் உடைய வேண்டியதில்லை.

இன்னொன்று, இந்தத் தேர்வு கட்டப்பட்டிருக்கும் விதம். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் இரண்டிரண்டு பிரிவுகள். முதலில் 12 வினா, அடுத்து 15. முதல் பிரிவில் நீங்கள் செய்வதைப் பொறுத்து இரண்டாவது பிரிவு கடினமாகவோ எளிதாகவோ வரும். எல்லைக்கோட்டருகே இருப்பவருக்கு ஒரே ஒரு வினா பாதையை மாற்றிவிடும். எந்தக் கட்டத்தில் பாதை மாறும் என்பதைத் தனியார் நிறுவனம் தானே முடிவு செய்கிறது. ஆகவே அவர்களின் 306க்கும் ஈடிஎஸ் தரும் 306க்கும் பெயர்தான் ஒன்று.

அதற்காக 319ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. உண்மைத் தேர்விலேயே ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மூன்று புள்ளி ஏற்ற இறக்கம் இயல்பு. அதனால் உங்கள் நிலையை 315க்கும் 322க்கும் இடைப்பட்ட ஒரு வரம்பாகப் பாருங்கள். அதுவும், அந்த வினாக்களை முன்பே எங்கும் பார்த்திருக்கவில்லை என்றால்தான். பவர்பிரெப் வினாக்களின் விளக்கங்கள் இணையமெங்கும் கிடக்கின்றன. படித்த ஞாபகத்தில் போட்ட விடைக்கு மதிப்பில்லை.

எழுதிய சூழலையும் கேட்கிறேன். இங்கே புதிதாகக் குடியேறிய பலர் சாப்பாட்டு மேசையில்தான் தேர்வு எழுதுகிறார்கள். நடுவில் குக்கர் விசில் அடிக்கும், ஊரிலிருந்து அழைப்பு வரும், கடிகாரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போவார்கள். 2023 செப்டம்பருக்குப் பிறகு முழுத் தேர்வும் 1 மணி 58 நிமிடம்தான், இடைவேளை கிடையாது. நீங்கள் 312 வாங்கிய தேர்வை இரண்டு இரவுகளில் பிரித்து எழுதியதாகச் சொல்கிறீர்கள். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் தனி அறை இருந்தால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையோடு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் பெரும்பாலும் உறுப்பினர் அட்டை கிடைத்துவிடும். வீட்டிலிருந்தே தேர்வு எழுதப் போகிறீர்கள் என்றால் வெறும் தாளில் கணக்குப் போட அனுமதி இல்லை. சின்ன வெள்ளைப் பலகை அல்லது ஒளிபுகும் உறைக்குள் வைத்த தாள், அதில் எழுத அழிக்கும் பேனா, இவ்வளவுதான். இப்போதே அதில் பழகுங்கள்.

இனி மொத்தத்தை விட்டுவிட்டுப் பிரித்துப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 148, 150, 153. கணிதத்தில் 158, 162, 166. கணிதத்தில் எட்டுப் புள்ளி தள்ளாடுகிறது. நீங்கள் அனுப்பிய தவறுகளின் பட்டியலில் பாதி, ஒப்பிடும் வினாக்கள். x² பெரியதா, x பெரியதா? நீங்கள் 2ஐப் போட்டுப் பார்த்து x² என்று குறித்துவிட்டீர்கள். அரையைப் போட்டிருந்தால் விடை தலைகீழாகும். ஆகவே ‘தீர்மானிக்க முடியாது’ என்பதே சரி. உங்களுக்குக் கணிதம் தெரியாமல் இல்லை, பூஜ்யத்தையும் பின்னத்தையும் எதிர்மறை எண்ணையும் போட்டுப் பார்க்கப் பொறுமை இல்லாமல் போயிருக்கிறது. மூன்று வாரத்தில் இது நிச்சயம் சரியாகும். சொல்வளம் அப்படி அல்ல, அது மெதுவாகத்தான் ஏறும். 153ஐ 165 ஆக்கப் போராடிக் கணிதத்தைக் கோட்டை விடாதீர்கள்.

காரணம் இருக்கிறது. ஆங்கிலப் பகுதியில் 160 வாங்குபவர், எழுதியவர்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரை முந்திவிடுகிறார். கணிதத்தில் அதே 160 ஏறத்தாழ நடுவரிசைதான். கணினி அறிவியல் துறைகள் முதலில் பார்ப்பதும் கணிதத்தைத்தான். விண்ணப்பிக்கும் துறையின் பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். 2020க்குப் பிறகு பல துறைகள் ஜிஆர்இ மதிப்பெண்ணே கேட்பதில்லை. நீங்கள், வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தரப்படும் எச்4 விசாவில் இருக்கிறீர்கள். அதிலேயே முழுநேரம் படிக்கலாம். ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் பல்கலைக்கழகத்தில் உதவியாளர் வேலை பார்க்க முடியாது. அதற்கு எஃப்1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். நிதியுதவியை நம்பி இலக்கு வைப்பதற்கு முன் இதையும் வீட்டில் பேசிவிடுங்கள்.

தேதியை இப்போது தொட வேண்டாம். இலவச பவர்பிரெப்பில் நீங்கள் தொடாத தேர்வு இன்னும் இருக்கிறது. அதைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு, உண்மைத் தேர்வு தொடங்கும் அதே மணிக்கு உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதுங்கள். கணிதம் 164க்கு மேல் நின்றால் துணிந்து போங்கள். 160க்குக் கீழே இறங்கினால் மட்டும் தேதியை மாற்றுங்கள். அதற்குத் தேர்வுக்கு நான்கு நாள் முன்புவரைதான் அவகாசம், தவறினால் கட்டணம் போய்விடும். நடுவில் விழுந்தால் எழுதிவிடுவதே நல்லது என்பேன். 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம். இரண்டில் எது நன்றாக வந்ததோ அதை மட்டும் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பவும் வழி இருக்கிறது.