மாமியாரும் ஆறு வயசு பொண்ணும் சேந்து சிரிக்கிற மாதிரி சூப்பர்ஹீரோ கார்ட்டூன் படம்

அக்கா, வாளையார்ல இருந்து நீங்க எழுதினத படிச்சேன், மாமியாருக்கு தமிழ் மட்டும், பொண்ணு மலையாளம் மீடியம், போன வாரம் போட்ட படத்துல ஒருத்தர் தூங்கிட்டாங்க ஒருத்தர் அழுதுட்டான்னு. நாங்களும் பக்கத்துல கொழிஞ்சாம்பாறைதாங்க, எங்க வீட்டுலயும் இதே கதை.

வசன காமெடி வேண்டாங்க, டப்பிங்ல பாதி செத்துப்போகும். 2018ல வந்த இன்கிரெடிபிள்ஸ் 2 போடுங்க. அதுல கைக்குழந்தை ஜாக்ஜாக் டிவில முகமூடி திருடன பாத்துட்டு, அப்புறம் தோட்டத்துல குப்பைய கிளறுற ரக்கூன்ங்கிற மிருகத்த பாக்கும், அது மூஞ்சியே கறுப்பு முகமூடி மாதிரிதான இருக்கும், திருடன்னு நினைச்சு கண்ணாடிக் கதவுக்குள்ள புகுந்து வெளிய போயி சண்ட போடும், பேச்சே தேவையில்ல, எங்க அம்மிச்சி, அதான் அம்மாவோட அம்மா, மரநாய் மரநாய்னு சொல்லி கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. அந்தக் குழந்தையோட அப்பா தூக்கமில்லாம திண்டாடுறது மாமியாருக்கு ரொம்ப பிடிக்கும் பாருங்க.

ஒண்ணு மட்டும் கவனம், வில்லன் வர்ற சில இடத்துல வெளிச்சம் படபடன்னு வெட்டும், ரிலீஸப்பவே தியேட்டர்ல எச்சரிக்கை போட்டாங்க, வீட்டுல யாருக்காவது வலிப்பு இருந்தா இந்தப் படமே வேண்டாம்.

பிக் ஹீரோ 6ன்னு இன்னொரு கார்ட்டூன் படம் இருக்கு, அதுல சார்ஜ் இறங்கின ரோபோ குடிகாரன் மாதிரி தள்ளாடுறது அருமையா இருக்கும், ஆனா ஆரம்பத்துலயே ஹீரோ பையனோட அண்ணன் தீ விபத்துல செத்துப்போறான், பொண்ணு அழும்னா இப்போதைக்கு வேண்டாம்க்கா.