ஏற்காட்டில் ஒயின் பாரா? முதலில் தண்டலை மூடுங்கள்

கேள்வி: நானும் கணவரும் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு நண்பரின் காபிக் கடை வாசலில் சனி, ஞாயிறு மாலை மட்டும் சமைத்து விற்றோம். கூட்டம் நன்றாக வந்ததால் ஃபேர்லேண்ட்ஸில் 24 இருக்கைகளோடு கடை போட்டோம். சனி, ஞாயிறு 22,000 ரூபாய் வீதமும் மற்ற நாட்களில் 8,000 வீதமும் விற்கிறது. ஆனாலும் இரண்டு தண்டல் (தினமும் தவணை கட்டும் வட்டிக் கடன்) ஓடுகிறது. கொழுந்தனார், வீட்டுப் பத்திரத்தை வைத்து ஏற்காட்டில் ஒயின் பாரோடு கிளை போடலாம் என்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம் இருக்கிறது. அதற்கு வெளியே மது பரிமாற உரிமம் கிடைப்பது முக்கியமாகக் கிளப்புகளுக்கும் (எஃப்.எல்.2) நட்சத்திர ஹோட்டல்களுக்கும் (எஃப்.எல்.3)தான். 24 இருக்கை உணவகத்துக்கு ஒயின் பார் என்பது பெங்களூரில் பார்த்துவிட்டு வந்த ஆசை. 'பாட்டிலை அவர்களே கொண்டுவரட்டும், நாம் கிளாஸ் மட்டும் வைப்போம்' என்றால் அது போலீஸ் வழக்கில் முடியும். உங்கள் கடையின் சிக்கலே வார நாட்களில் காலியாக இருப்பது. ஏற்காட்டிலும் கோடை சீசன் போனால் சனி, ஞாயிறு கூட்டம்தானே? பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

இனி தண்டல். ஒரு லட்சம் என்று எழுதி 85,000 கையில் தருகிறார்கள்; தினம் 1,000 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நீங்கள் 100 நாள் முடிய விடுவதில்லை. 60-ம் நாளே 'புதுப்பித்து'விடுகிறீர்கள். பாக்கி 40,000-ஐயும் புது வட்டி 15,000-ஐயும் பிடித்துக்கொண்டு 45,000 தருகிறார்கள். கையில் பணம் வந்ததுபோல் தெரியும். ஆனால் அறுபது நாளில் 60,000 கட்டி 45,000 வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு தண்டலுக்கும் சேர்த்து மாதம் 15,000, வருஷத்துக்கு 1,80,000 வட்டி. ஒரு தண்டலில் சராசரியாக உங்களிடம் சுழல்வது 62,500 ரூபாய்தான். அதற்கு வருஷ வட்டி 90,000. அதாவது 140 சதவீதத்துக்கும் மேல்! தமிழ்நாட்டின் 2003-ம் வருஷ கந்து வட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

கடை நஷ்டத்தில் இல்லை என்பதுதான் வேடிக்கை. மாத விற்பனை சுமார் 3,52,000. நீங்கள் எழுதிய செலவுகள்: சரக்கு 1,34,000 (38 சதவீதம்), வாடகை 45,000, சம்பளம் 95,000, கேஸும் கரண்டும் 34,000, டெலிவரி ஆப் கமிஷன் 12,000. மிச்சம் 32,000. பிறகு ஏன் தண்டல்? ஞாயிறு இரவுப் பணம் திங்கள் காலை லீ பஜாரில் மொத்தச் சரக்காகிவிடுகிறது. 5-ம் தேதி வாடகையும் சம்பளமும் சேர்ந்து 1,40,000 கேட்கும்போது கல்லாவில் காசு இல்லை. வாசலில் விற்றபோது வாடகையும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. கல்லாவில் இருப்பதெல்லாம் நம்முடையது என்ற பழக்கம் அங்கே வந்தது.

தண்டல்காரருக்கு தினம் 2,000 எடுத்து வைக்கத் தெரிகிறதே, அதையே உங்களுக்குச் செய்யுங்கள். சனி, ஞாயிறு 10,000, மற்ற நாள் 2,800 தனிக் கணக்கில் போடுங்கள். 8 நாள் 80,000, 22 நாள் 61,600, மொத்தம் 1,41,600. வாடகையும் சம்பளமும் அடங்கிவிடும். சரக்கை மூன்று நாளுக்கு மேல் வாங்காதீர்கள்.

இப்போது இரண்டு தண்டலிலும் பாக்கி 1,30,000. வீட்டில் 8 பவுன் இருக்கிறது என்கிறீர்கள். அதில் பாதிகூட வேண்டாம். வங்கியில் நகைக் கடன் வாங்கி இரண்டையும் ஒரே நாளில் மூடுங்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 11,500 வீதம் கட்டினால் ஒரு வருஷத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். க்யூஆர் கோடு வைத்த கம்பெனி தினசரிப் பிடித்தத்தில் கடன் தருகிறேன் என்று மெசேஜ் அனுப்பும். அதுவும் தண்டல்தான், சட்டை மட்டும் புதுசு.

மூடப் போகும்போது, முன்கூட்டியே பிடித்த வட்டியில் மீதி நாட்களுக்கான பங்கைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். 5,000 விட்டாலும் லாபம். புரோநோட்டையும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலைகளையும் எண்ணி வாங்கிய பிறகே பணத்தை நீட்டுங்கள். 'ஆபீஸில் இருக்கிறது, நாளை தருகிறேன்' என்றால் பணமும் நாளைக்குத்தான்.