மேற்கு வெயில், உப்புக்காற்று, கொசு: சிட் அவுட் கேள்விகள்

வீட்டு முன்புறத்தையும் பின்கட்டு முற்றத்தையும் நாலு பேர் உட்கார்ந்து பேசுகிற இடமாக மாற்றுவது எப்படி என்று கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பெரும்பாலானவை "என்ன செடி வைக்கலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. நான் வெயில், காற்று, தண்ணீர் என்று சுற்றிவிட்டுத்தான் செடிக்கு வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சிட் அவுட் மேற்குப் பார்த்தது, பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே தகர ஷீட் போட்டும் சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார முடியவில்லை. தொட்டிகள் நிறைய வைத்தால் குளிருமா? (லாஸ்பேட்டை)

கண்ணுக்குக் குளிரும், முதுகுக்குக் குளிராது. நாலு மணி வெயில் தலைக்கு மேலிருந்து இறங்குவதில்லை, பக்கவாட்டில் நுழைகிறது. அதை எந்தக் கூரையும் தடுக்காது. உங்களுக்குத் தேவை செங்குத்தான ஒரு மறைப்பு.

நம் கரையோரத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. சவுக்குக் கழிகளை மேற்குப் பக்கம் ஊன்றிக் குறுக்கே கட்டி, அதில் ரங்கூன் மல்லியை ஏற்றுங்கள். வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும். மாலையில் வெள்ளையாக மலர்ந்து பிறகு சிவக்கும், இரவில் மணக்கும். ஆனால் கொடி கனமானது. மெல்லிய கம்பியில் ஏற்றினால் ஒரு மழைக்காலத்தில் மொத்தமும் சாய்ந்துவிடும். அது வளரும் வரை காத்திருக்க மனமில்லை என்றால், அதே பந்தலில் சங்குப்பூ விதையைப் போட்டுவிடுங்கள். சில மாதங்களில் மூடிவிடும்.

ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. மே, ஜூனில் சூரியன் நேர் மேற்கில் இல்லாமல் வடமேற்காக ஒதுங்கி இறங்கும். அதனால் மறைப்பை வடமேற்கு மூலைவரை வளைத்துக் கட்டுங்கள். கிழக்கு, தென்கிழக்கை மட்டும் அடைக்க வேண்டாம். மதியத்துக்கு மேல் கடல்காற்று வருவது அந்த வழியாகத்தான். அந்தப் பக்கம் வீட்டுச் சுவர் என்றால், வாசல் கதவையும் எதிர் ஜன்னலையும் திறந்து வைத்தாலே காற்று வீட்டுக்குள் புகுந்து சிட் அவுட்டுக்கு வந்துவிடும்.

தகர ஷீட் தனியாக ஒரு தொல்லை. பகலெல்லாம் காய்ந்து, அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். ஷீட்டுக்கு மேல் அரை அடி இடைவெளி விட்டுப் பச்சை நிழல்வலை கட்டினால் வித்தியாசம் தெரியும். அக்டோபர் பிறந்ததும் அவிழ்த்து வைத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையேறியதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. எந்தச் செடி வாங்கினாலும் இலை ஓரம் கருகுகிறது. நர்சரிக்காரர் உரம் போடச் சொல்கிறார். (தேவனாம்பட்டினம்)

உரத்தை நிறுத்துங்கள். அதுவும் ஒரு வகை உப்புதான். கருகலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கடல் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் கருகினால் காற்று. செடி முழுக்க இலை நுனி காய்ந்து, மண் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் போர் தண்ணீர்.

காற்று என்றால் செடிகளின் வரிசையை மாற்றுங்கள். கடல் பக்கம் முரட்டுச் செடிகள் நிற்கட்டும். இடமிருந்தால் பூவரசு, புன்னை. இல்லையென்றால் காகிதப்பூ, கற்றாழை, நித்தியகல்யாணி. அரளியும் தாங்கும், ஆனால் எல்லாப் பாகமும் விஷம். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வதில்லை. இந்த வரிசைக்கு உள்ளே, காற்று மறைவில் இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் வையுங்கள். ரோஜா ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்தான் காரணம் என்றால் இலை மேல் ஊற்றாமல் வேரடியில் ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, சில நாளுக்கு ஒருமுறை தொட்டியின் அடி ஓட்டை வழியே வழிந்தோடும் அளவுக்கு விடுவது நல்லது. உப்பும் கூடவே இறங்கிவிடும். மழைக்காலத்தில் தொட்டிகளை வெட்டவெளியில் நிறுத்துங்கள், மழை கழுவிவிடும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய. போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் நார்க்கழிவு வாங்கினாலும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும்.

தொட்டியைப் பொறுத்தவரை, பத்துச் சின்னத் தொட்டிகளைவிட மூன்று பெரிய தொட்டிகள் மேல். சீக்கிரம் காயாது, காற்றில் உருளாது, பார்வைக்கும் நிறைவாக இருக்கும். வில்லியனூர்ப் பக்கம் போனால் சுடுமண்ணில் நல்லதாகப் பார்த்து எடுக்கலாம்.

முற்றத்துக்கு சிமென்ட் தரையா, பேவர் பிளாக்கா? மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது. (மஞ்சக்குப்பம்)

2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அந்தக் கணக்கில் 100 சதுர அடி முற்றத்தில் மட்டும் 4,400 லிட்டருக்கு மேல் விழும். இவ்வளவையும் முழுக்கக் குடிக்கிற தரை கிடையாது. ஆனால் சாதாரண மழையைக் குடிக்கிற தரை இருக்கிறது. நன்றாக இறுக்கிய ஜல்லி, அதன்மேல் மணல், அதன்மேல் பேவர் பிளாக். இடுக்குகளை சிமென்ட் பூசி அடைக்கக் கூடாது. 'உறுதியாக இருக்கும் சார்' என்று மேஸ்திரி அடைக்கப் பார்ப்பார், பக்கத்தில் நில்லுங்கள். வாட்டம் (தரைச் சரிவு) பத்து அடிக்கு ஒன்றரை அங்குலம், வீட்டுக்கு எதிர்த் திசையில். பளபள டைல்ஸ் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். கறுப்புக் கடப்பாவும் வெயில் படுகிற இடத்தில் வேண்டாம், கால் வைக்க முடியாது.

செயற்கைப் புல் போடலாமா? (நெல்லிக்குப்பம்)

வேண்டாம். வெயிலில் கொதிக்கும்.

பழைய வீட்டுத் திண்ணையை இடித்து பைக் நிறுத்த இடம் செய்ய வேண்டும் என்கிறார் மகன். எனக்கு மனம் வரவில்லை. (முத்தியால்பேட்டை)

உங்கள் பக்கம்தான் நானும். மகனை ஒருநாள் வைசியாள் வீதிக்கு அழைத்துப் போய், அங்கே சீரமைத்திருக்கும் வீடுகளின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் காட்டுங்கள். நாற்காலி வாங்கி, குஷன் தைத்து, குடை நட்டு மற்றவர்கள் உருவாக்கப் பார்ப்பது உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கிரில் அடைத்திருந்தால் ஒரு பக்கமாவது திறக்கிற மாதிரி செய்யுங்கள். பெரியவர்கள் எழுந்திருக்க 18 அங்குல உயரம் வசதி. திண்ணை தாழ்வாக இருந்தால் மேலே ஒரு கல் பலகை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். பைக்குக்குப் பக்கச் சந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இரும்பு ஊஞ்சலும் நாற்காலியும் ஒரே வருடத்தில் துருப்பிடித்துவிட்டன. எவர்சில்வரில் செய்யலாமா? (அரியாங்குப்பம்)

செய்யலாம், ஆனால் சாதாரண 304 ரகத்திலும் கடற்காற்று பழுப்புக் கறை போடும். 316 தாங்கும், விலை கூடுதல். என்னைக் கேட்டால் சுவரோரம் சிமென்ட் திட்டு கட்டிப் பாயோ மெத்தையோ போடுங்கள். ஊஞ்சலுக்கு மரப்பலகை. கொக்கிக்கு மட்டும் 316.

எலுமிச்சைப் புல் தொட்டி வைத்தால் கொசு வராது என்கிறார்களே? (ரெட்டியார்பாளையம்)

செடி சும்மா நின்றால் ஒன்றும் ஆகாது. இலையைக் கசக்கினால்தான் எண்ணெய் வெளிவரும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. டீ போட்டுக் குடிக்க வளருங்கள். டெங்கு பரப்பும் கொசு தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டிலேயே முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் அது பறக்கத் தொடங்கிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். அல்லித் தொட்டி வைத்திருந்தால் கொசுப்புழுவைத் தின்னும் கப்பி மீன் விடுங்கள். உட்காரும் நேரத்தில் ஒரு ஃபேன் போதும். கொசுவுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பில்லை. விளக்கு மஞ்சள் ஒளியாக இருந்தால் ஈசலும் பூச்சியும் குறையும்.

மனோரஞ்சிதம் வைக்க ஆசை. பாம்பு வரும் என்று மாமியார் தடுக்கிறார். (திருப்பாதிரிப்புலியூர்)

வாசனைக்குப் பாம்பு வராது. எலிக்கும் தவளைக்கும் வரும், மறைவிடம் கிடைத்தால் தங்கும். மனோரஞ்சிதம் புதராக அடர்ந்து தரையை மூடிக்கொள்ளும் செடி என்பதால் மாமியாரின் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அடியில் ஒன்றரை அடிக்குக் கிளைகளைக் கழித்து, தரை தெரிகிற மாதிரி வையுங்கள். தொட்டிகளைச் சுவரை ஒட்டி நெருக்கமாக அடுக்காமல், துடைப்பம் போய்வர இடம் விடுங்கள். மிச்சச் செங்கல், தென்னை மட்டைக் குவியல் எதுவும் உட்காரும் இடத்துக்கு அருகில் வேண்டாம். நடைபாதையில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன விளக்கு போடுங்கள். மழை விட்ட பிறகு தொட்டியை நகர்த்தும்போது மட்டும் முதலில் ஒரு குச்சியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள்.