கைகட்டி நிற்கச் சொன்னாரா எபிக்டெட்டஸ்?

கேள்வி: நம் கட்டுப்பாட்டில் இல்லாததை ஏற்றுக்கொள்ளச் சொல்லும், பண்டைய கிரேக்க, ரோமானியச் சிந்தனை மரபான ஸ்டோயிக் தத்துவம், 'எல்லாம் தலையெழுத்து' என்று அடங்கிப் போவதற்குத்தானே வழிகாட்டுகிறது? அடிமையாக இருந்த ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸுக்கு அது ஆறுதல் அளித்திருக்கலாம். அநீதியை எதிர்க்க வேண்டியவர்களுக்கு அதனால் என்ன பயன்?

பதில்: எபிக்டெட்டஸ் சொன்னதில் பாதியை விட்டுவிட்டுக் கேட்கிறீர்கள். உடல், உடைமை, பெயர், பதவி ஆகியவை நம் கையில் இல்லை என்று சொன்ன அதே மூச்சில், நம் கருத்தும் விருப்பு வெறுப்பும் நாம் எடுக்கும் முடிவும் முழுக்க நம்முடையவை என்றும் அவர் சொன்னார். கண்ணெதிரே சக ஊழியருக்கு அநியாயம் நடக்கும்போது 'அது என் கையில் இல்லை' என்று நகர்ந்துவிடுகிறவர், தம் வாயும் தம் கையில் இல்லை என்று சொல்வதாகவே ஆகும். அதற்கு ஸ்டோயிக்குகளைத் துணைக்கு அழைக்க முடியாது.

ரோமிலிருந்து தத்துவவாதிகளைப் பேரரசர் டொமிஷியன் வெளியேற்றிய பிறகு, கிரேக்கத்தின் நிகோபொலிஸில் பள்ளி நடத்திய எபிக்டெட்டஸ் மாணவர்களுக்குச் சொன்னதை, அவர்களுள் ஒருவரான அர்ரியன் எழுதிவைத்திருக்கிறார். அதில் வரும், ரோமானிய ஆட்சி மன்றமான செனட்டின் உறுப்பினர் ஹெல்விடியஸ் பிரிஸ்கஸின் கதையை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். செனட் சபைக்கு வராதே என்று பேரரசர் வெஸ்பாசியன் அவருக்குச் சொல்லியனுப்புகிறார். உறுப்பினர் பதவியைப் பறிப்பது உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் அந்தப் பதவியில் இருக்கும்வரை நான் வந்தே தீர வேண்டும் என்கிறார் ஹெல்விடியஸ். வந்தால் வாயைத் திறக்காதே என்கிறார் பேரரசர். என் கருத்தைக் கேட்காதீர்கள், பேசமாட்டேன் என்று பதில் வருகிறது. கேட்டாக வேண்டியது என் கடமை என்று பேரரசர் சொன்னதும், சரியென்று படுவதைச் சொல்வது என் கடமை என்கிறார் ஹெல்விடியஸ். சொன்னால் கொன்றுவிடுவேன் என்ற மிரட்டலுக்கு, எனக்குச் சாவே இல்லை என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்கிறார்.

அவர் ஏற்றுக்கொண்டது எதை என்று பாருங்கள். கொல்லும் அதிகாரம் பேரரசரிடம் இருப்பதை ஏற்றுக்கொண்டார். பேசாமல் இருப்பதை ஏற்கவில்லை. நாடு கடத்தப்பட்டார், பின்னர் கொல்லப்பட்டார்.

தனி ஒருவர் இப்படி நின்றதால் என்ன பயன் என்னும் உங்கள் கேள்வியை எபிக்டெட்டஸே எழுப்பிப் பதிலும் சொல்லியிருக்கிறார். ரோமானிய செனட்டர்களின் வெள்ளை அங்கியில் ஒரு செந்நீலக் கரை ஓடும். அந்தக் கரையால் துணிக்கு என்ன பயன், அது கரையாகத் துலங்கி மற்ற இழைகளுக்கு ஒரு நல்ல மாதிரியாக நிற்கிறது, அவ்வளவுதானே என்றார் அவர்.